நாற்பத்தொரு மூடிகள்

அந்தச் சந்தில் ஏற எண்பத்தாறு படிகள். துறைமுகச் சாலையிலிருந்து பிரிந்து, குன்றின் முதுகில் கோணல்மாணலாக ஏறுகிற படிகள். சைக்கிள் வராது, தள்ளுவண்டி வராது. கட்டிலோ அலமாரியோ வாங்கினால் நாலு பேர் தோளில்தான் வர வேண்டும். வாடகைக்கு வீடு பார்க்க வருகிறவர்கள் முப்பதாவது படியில் நின்று மூச்சு வாங்கி, "கடல் நல்லாத் தெரியுது" என்று மரியாதைக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இறங்கிப் போய்விடுவார்கள். ஏற்கெனவே இருந்தவர்கள் இருந்தார்கள். நாற்பத்தொரு வீடு.

வெளியாள் என்று அந்தப் படிகளில் தினமும் ஏறியவர் குப்பை எடுக்கிறவர் ஒருவர்தான். முதுகில் ஆளுயரக் கூடை, வாயில் விசில். காலை ஏழு மணிக்கு விசில் கேட்டால் வீட்டுக்கு வீடு கதவு திறக்கும். அவரைக் கூடைக்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள்.

அறுபத்திரண்டாவது படியில் இருந்த தையற்காரிக்கு அவரிடம் தனி மரியாதை உண்டு. அவள் புருஷன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். பத்து மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு, கப்பலிலிருந்து இரும்புப் பெட்டிகளைத் தீப்பெட்டி எடுக்கிற மாதிரி எடுத்து வைத்தவர். ஆறு வருஷத்துக்கு முன் ஒரு மழை நாளில் கிரேன் ஏணியின் கடைசிப் படிகளில் கால் வழுக்கி விழுந்தார். முதுகெலும்பு போனது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை, கட்டுப்பாடும் இல்லை. கைகளுக்கு மட்டும் பழைய வலு அப்படியே இருந்தது. அவருடைய கட்டிலை ஜன்னலை ஒட்டிப் போட்டிருந்தார்கள். ஜன்னல் வழியே படிகளில் பாதியும் துறைமுகம் முழுதும் தெரியும்.

அவருக்குக் கட்டுகிற டயாப்பரை வீட்டில் யாரும் அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'பார்சல்' என்பார்கள். முதல் வாரம் அவர்தான் அப்படிப் பெயர் வைத்தார், சிரித்துக்கொண்டு. பிறகு சிரிப்பு போய்ப் பெயர் மட்டும் நின்றுவிட்டது. ஒரு நாளைக்கு ஐந்து பார்சல். கறுப்புப் பையில் போட்டு, இறுக்கக் கட்டி, காலையில் அவள் வாசலில் நிற்பாள். கூடைக்காரர் அந்தப் பையை மட்டும் தனியே கையில் வாங்கி, கூடையின் அடியில் வைத்து, மேலே மற்ற குப்பையைப் போட்டு மூடுவார். ஒரு நாளும் என்ன என்று கேட்டதில்லை. அவள் புருஷன் கட்டிலில் கிடப்பது சந்துக்கே தெரியும். ஆனால் அந்தப் பையில் என்ன இருக்கிறது என்பது அவளுக்கும், நாலு படி மேலே குடியிருந்த நாத்தனாருக்கும், கூடைக்காரருக்கும்தான் தெரியும்.

வெயில் ஏற ஆரம்பித்த ஒரு மாதத்தில், கதவிடுக்கு வழியே வழவழப்பான காகிதம் ஒன்று உள்ளே வந்து விழுந்தது. அதில் ஒரு குடும்பம் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது. இனிமேல் வீட்டுக்கு ஒரு தொட்டி. எந்த வீட்டுத் தொட்டி என்று காட்டுகிற மின்னணுச் சில்லு ஒன்று அதில் பதித்திருக்கும். வாரம் ஒரு நாள், செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணிக்குள் சாலையோரத்தில் கொண்டுவந்து வைக்க வேண்டும். லாரி வந்து எடுக்கும். மூடி முழுதாக மூடியிருக்க வேண்டும். மூடாத தொட்டியை எடுக்க மாட்டார்கள், சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டப்படும். வெளியே வைத்த பைகளையும் எடுக்க மாட்டார்கள்.

"நம்ம சந்துல லாரி எப்படி வரும்?" என்றாள் நாத்தனார், காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து. அவள் மீன் டப்பா அடைக்கிற கம்பெனியில் காலை ஷிப்ட். பேசினால் ஊரே கேட்கும்.

"லாரி வராது. நாமதான் போகணும்."

"எண்பத்தாறு படி தொட்டியைத் தூக்கிட்டா? இதை எழுதினவன் ஒரு நாள் நம்ம படி ஏறிப் பார்த்திருப்பானா, அண்ணி?"

கூடைக்காரரை லாரிக்கு மாற்றிவிட்டார்கள். கூடை போய், கையில் ஸ்டிக்கர் கட்டு வந்தது.

தையற்காரி முதலில் பல்லைக் கடித்துக்கொண்டு சமாளிக்கப் பார்த்தாள். அவளுக்குப் பள்ளிச் சீருடையும், துறைமுக ஆட்களின் மேலங்கியும் தைக்கிற வேலை. வெட்டுத்துணியைத் தொட்டியில் போடுவதை நிறுத்தி, மெஷினுக்கு அடியில் சாக்கில் திணித்தாள். முட்டை ஓட்டை நொறுக்கினாள். பால் டப்பாவை மிதித்துத் தட்டையாக்கினாள். என்ன செய்து என்ன? வாரத்துக்கு முப்பத்தைந்து பார்சல். ஈரம் குடித்து ஊதிப்போன முப்பத்தைந்து பார்சல் அந்தத் தொட்டிக்குள் அடங்குவேனா என்றது.

இரண்டாவது செவ்வாய்க்கிழமை மூடி ஒரு சாண் தூக்கிக்கொண்டு நின்றது. கூடைக்காரர் தொட்டிக்கு முன்னால் வந்து நின்று, அவளைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

"அக்கா, வண்டியில கேமரா வச்சிருக்காங்க. நான் எடுத்தா என்னைக் கேப்பாங்க."

"ஒட்டுங்க, தம்பி. உங்களை யாரு என்ன சொன்னா?"

அவர் ஸ்டிக்கரை ஓர் ஓரமாக, சின்னதாகத் தெரிகிற மாதிரி ஒட்டப் பார்த்தார். ஸ்டிக்கர் பெரிசு. மற்ற தொட்டிகள் காலியாகித் திரும்பியபோது, அவள் நிறைந்த தொட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு அறுபத்திரண்டு படி ஏறினாள். வழியில் நான்கு முறை இறக்கி வைத்தாள். சிவப்பு ஸ்டிக்கர் பின்னால் வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டே வந்தது.

மிச்சப் பைகள் பின்பக்கத்துத் துணி துவைக்கிற இடத்தில் சேர்ந்தன. பத்து, பதினைந்து. மேலே தார்ப்பாயைப் போட்டாள், பினாயில் ஊற்றினாள். வெயில் ஏற ஏற அந்த மூலை பேச ஆரம்பித்தது. சாப்பிட உட்கார்ந்தால் தட்டுக்கு முன் வாசம் வந்து உட்கார்ந்தது.

கீழ்வீட்டில் மீட்டர் மாமா இருந்தார். முப்பத்து மூன்று வருஷம் வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர். பெண்டாட்டி போய்ச் சேர்ந்த பிறகு தனி ஆள். காதில் பென்சில், பையில் குறிப்பேடு. சந்தில் எந்த விளக்கு எந்தத் தேதியில் எரியவில்லை என்பது முதல் யாருடைய பூனை யாருடைய மாடியில் என்பது வரை எழுதி வைத்திருப்பார். ஒரு மத்தியானம் வந்து கதவைத் தட்டினார்.

"தப்பா நினைக்காதம்மா. உங்க பின்பக்கத்துல இருந்து வாசம் வருது. ஒன்பது நாளா. நான் ஜன்னலைச் சாத்திட்டுத்தான் சாப்பிடறேன்."

"எடுத்துடறேன் மாமா."

"எலி கிலி செத்துக் கிடக்குதோ? அப்படி என்னம்மா குப்பை உங்க வீட்ல? இருக்கிறது ரெண்டே பேரு."

"எடுத்துடறேன்னு சொன்னேன்ல!" அவள் குரல் உயர்ந்துவிட்டது. மாமா குறிப்பேட்டை மூடிக்கொண்டு இறங்கிப் போனார். அவள் திரும்பியபோது புருஷன் முகத்தை ஜன்னல் பக்கம் வைத்திருந்தார். அவருக்குக் காது நன்றாகவே கேட்கும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை தொட்டியில் கொஞ்சம் இடம் இருந்தது. பழைய பைகளில் இரண்டைச் சேர்த்துப் போட்டும், கையால் ஓர் அழுத்து அழுத்தியதில் மூடி 'டக்'கென்று உட்கார்ந்தது. ஸ்டிக்கர் இல்லை. காலித் தொட்டியோடு படியேறி வந்து, செருப்பைக் கூடக் கழற்றாமல் உள்ளே போய்ச் சொன்னாள்:

"மூடிடுச்சுங்க! இன்னிக்கு மூடிடுச்சு!"

"நான் சொல்லல? எல்லாம் பழகிடும்" என்றார் அவர். உதடு காய்ந்து வெடித்திருந்தது. வெயில் காலம்தானே என்று அவள் எண்ணெய் எடுத்துத் தடவிவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து மறுபடி மீட்டர் மாமா. இந்த முறை தட்டுகிற சத்தத்திலேயே கோபம் தெரிந்தது. கையில் ஈரமான சட்டை ஒன்று.

"இதுக்கு என்ன சொல்றே? துவைச்சுக் காயப்போட்ட துணி. மேல இருந்து தண்ணி ஊத்தறீங்க. ஒரு நாள்னா தெரியாம நடந்துச்சுன்னு விடலாம். பதினோரு நாளா ஊத்தறீங்க!"

"எங்க வீட்ல இருந்தா? நான் எதுக்கு மாமா தண்ணி ஊத்தறேன்?"

"உங்க ஜன்னல்தான். நான் சும்மா சொல்ற ஆள் இல்ல." குறிப்பேட்டைப் புரட்டி வாசித்தார். "திங்கள், காலைல பத்து மணி. மத்தியானம் ஒண்ணு. சாயந்தரம் நாலு. செவ்வாய், பத்து, ஒண்ணு, நாலு. புதன், பத்து அஞ்சு, ஒண்ணு, நாலு. இன்னும் வாசிக்கவா?"

அவளும் மனசுக்குள் எண்ணினாள். பத்து மணிக்கு மாத்திரையோடு ஒரு சொம்பு. ஒரு மணிக்குச் சாப்பாட்டோடு ஒரு சொம்பு. நாலு மணிக்கு ஒரு சொம்பு. கட்டில் பக்கத்து ஸ்டூலில் வைத்துவிட்டு மெஷினுக்குப் போய்விடுவாள். திரும்பி வரும்போது சொம்பு காலியாக இருக்கும். "குடிச்சிட்டேன்" என்பார்.

"என்னம்மா? ஏன் இப்படிப் பார்க்கறே?" என்றார் மாமா. குரலில் கோபம் போய்விட்டிருந்தது.

அவள் உள்ளே ஓடினாள். புருஷன் நெற்றியில் கை வைத்தாள். தோசைக்கல்லைத் தொட்ட மாதிரி இருந்தது.

மருத்துவமனை நர்ஸ் படியேறி வந்து சேர ஒரு மணி நேரம் ஆனது. சிறுநீரில் கிருமி, காய்ச்சல் நூற்று மூன்று. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் சிறுநீரகத்தைப் பதம் பார்த்திருக்கும் என்றாள். கையில் ஊசி குத்தி, பாட்டிலை ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டு, தையற்காரியைப் பார்த்து, "தண்ணி கூடக் குடுக்கலையாம்மா நீங்க?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை அவள் வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. நாத்தனார் ரொட்டியும் சூப்பும் கொண்டுவந்து வைத்துவிட்டு, அண்ணனை ஒரு மூச்சு திட்டிவிட்டு ஷிப்டுக்குப் போனாள். தையற்காரி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அவர் ஒரு சொம்பு தண்ணீரைக் கடைசி மடக்கு வரை குடிப்பதைக் கண் கொட்டாமல் பார்த்தாள். அப்புறம்தான் வாயைத் திறந்தாள்.

"எதுக்கு?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நான் உங்களைத்தான் கேட்கறேன். எதுக்கு இப்படிப் பண்ணினீங்க?"

"நீ அந்தத் தொட்டியைத் தோள்ல வச்சுக்கிட்டு ஏறி வந்ததை இங்க இருந்து பார்த்தேன்." கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். "முப்பது கிலோ இருக்கும். எனக்கா எடை தெரியாது? நாலு எடத்துல இறக்கி வச்சே. நாலாவது தடவை முகத்தைத் துடைச்சே. வேர்வை மாதிரி தெரியல."

"அதுக்காக?"

"நான் என்ன பண்ண முடியும்? எழுந்து தூக்க முடியுமா? குறைக்கத்தான் முடியும். தண்ணி குறைஞ்சா பார்சல் குறையும். மூணாச்சு. அப்புறம் ரெண்டாச்சு. மூடி மூடிடுச்சுன்னு நீ வந்து சொன்னப்ப..." அவர் காலிச் சொம்பை ஸ்டூலில் வைத்தார். "சம்பளம் வாங்கின மாதிரி இருந்துச்சு."

தனக்கு அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. வந்தது கோபம். யாரோ ஒருவன் எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்து தொட்டிக்கு அளவு போட்டான். அந்த அளவு அறுபத்திரண்டு படியேறி, கதவு திறந்து, தன் வீட்டு மனுஷன் தொண்டைக்குள் கையை விட்டிருக்கிறது. தான் அதைப் பார்த்து மூடிடுச்சு என்று கூத்தாடியிருக்கிறாள்.

வாசலில் செருமல் கேட்டது. மீட்டர் மாமா ஆரஞ்சுப் பழப் பையோடு நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ.

"நான் எழுதி வச்சிருந்தேன்" என்றார் தரையைப் பார்த்து. "பதினோரு நாள் எழுதினேன். நேரம் வரைக்கும் எழுதினேன். ஏன்னு மட்டும் எழுதல." பையை வைத்துவிட்டுப் போகத் திரும்பியவர் நின்றார். "வர்ற வெள்ளிக்கிழமை சாயந்தரம் நகர மண்டபத்துல கருத்துக் கேட்புக் கூட்டம் வச்சிருக்காங்க, இந்தக் குப்பை விஷயமா. பேர் குடுத்தா ரெண்டு நிமிஷம் பேசலாம். நான் தெருவிளக்கு பத்தி பேசலாம்னு குடுத்திருக்கேன்."

"அங்க போய் நான் என்னன்னு மாமா பேசறது?" என்றாள். பேச்சு மாமாவிடம் இருந்தாலும் கண் கட்டிலில் இருந்தது.

கிரேன்காரர் கையை ஊன்றி, உடம்பை இழுத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"போ. போய்ச் சொல்லு. பார்சல்னு சொல்லாத, அவங்களுக்குப் புரியாது. டயாப்பர்னு சொல்லு. எம்புருஷனுக்குக் கட்டறேன்னு சொல்லு." மாமாவை நேராகப் பார்த்தார். "நீங்களும் கேட்டுக்கோங்க. அந்த வாசம் எலி இல்ல. நான்தான்."

மாமா தலையை மட்டும் ஆட்டினார்.

நகர மண்டபத்தில் இருநூறு நாற்காலி. முக்கால்வாசி நிறைந்திருந்தது. மின்விசிறி சுற்றியது, காற்று வரவில்லை. மேடையில் திட்ட அதிகாரி, வெள்ளைச் சட்டை, மரியாதையான பேச்சு. திரையில் ஒரு படம் காட்டினார். நீலக் கோடு ஒன்று மேலிருந்து கீழே இறங்கியது.

"இரண்டே மாதத்தில் நகரத்தின் குப்பை முப்பது சதவீதம் குறைந்திருக்கிறது. இது உங்கள் ஒத்துழைப்பால் கிடைத்த வெற்றி."

முன்வரிசையில் சிலர் கை தட்டினார்கள்.

பேச வந்த முதல் ஆள் தெருநாய்களைப் பற்றிப் பேசினார். இரண்டாவது ஆளும் நாய்கள்தான், ஆனால் நாய்களுக்கு ஆதரவாக. இருவருக்கும் வாய்ச்சண்டை வந்து, மணி அடித்து உட்கார வைத்தார்கள். ஒரு கடைக்காரர் திட்டம் அருமை என்றார். எட்டாவதாகத் தையற்காரியைக் கூப்பிட்டார்கள். ஒலிவாங்கி அவள் உயரத்துக்கு மேலே இருந்தது. அதை இறக்கத் தெரியாமல் அவளே குதிகாலைத் தூக்கிக்கொண்டு நின்றாள். எதிரே ஒரு கடிகாரம் இரண்டு நிமிஷத்திலிருந்து கீழே எண்ண ஆரம்பித்தது.

"முப்பது குறைஞ்சுதுன்னு சொன்னீங்க. அதுல கொஞ்சம் எங்க வீட்ல இருந்து குறைஞ்சுது. எப்படிக் குறைஞ்சுதுன்னு சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

அதிகாரி புன்னகையோடு தலையசைத்தார்.

"எங்க வீட்டுக்காரருக்கு இடுப்புக்குக் கீழ வராது. டயாப்பர் கட்டறேன். ஒரு நாளைக்கு அஞ்சு."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் அந்தப் பக்கம் திரும்பினாள்.

"சிரிங்க. முதல்ல எங்க வீட்லயும் சிரிச்சோம். வாரத்துக்கு முப்பத்தஞ்சு டயாப்பர் உங்க தொட்டியில அடங்காது. மூடி மூடலன்னு ஸ்டிக்கர் ஒட்டினீங்க. நான் அதைத் திரும்பத் தூக்கிட்டுப் படி ஏறினேன். அதைப் பார்த்துட்டு அவர் தண்ணி குடிக்கிறதை நிறுத்திட்டார். நான் குடுத்த தண்ணியை ஜன்னல்ல ஊத்திட்டார். பதினோரு நாள். அதான் குறைஞ்சுது. உங்க நீலக் கோட்டுல அதுவும் இருக்கு."

அதிகாரியின் புன்னகை இருந்த இடத்திலேயே நின்றது.

"ஒரு மனுஷன் ஒரு நாளைக்கு எத்தனை சொம்பு தண்ணி குடிச்சா உங்க மூடி மூடும்னு எழுதிக் குடுங்க. செவுத்துல ஒட்டி வச்சு அதுபடி குடுக்கறேன்."

மணி அடித்தது. "நன்றி அம்மா, உங்கள் நேரம்..." என்று யாரோ சொல்ல ஆரம்பித்தார்கள். மீட்டர் மாமா எழுந்தார்.

"ஒன்பதாம் நம்பர் நான். என்னோட ரெண்டு நிமிஷத்தை இந்தம்மாவுக்குக் குடுத்துட்டேன்."

"அப்படி மாற்றிக் கொடுக்க முடியாது, ஐயா."

"முடியாதுன்னு விதியில எங்க இருக்கு? பதினாலு பக்கம் படிச்சிட்டுத்தான் வந்தேன். அப்படி ஒரு வரி இல்ல. இருந்தாக் காட்டுங்க."

மேடையில் தாள் புரளும் சத்தம் கேட்டது. கடிகாரம் மறுபடி இரண்டு நிமிஷத்துக்குப் போனது.

"அம்மா, உங்கள் மாதிரி வீடுகளுக்கு விலக்கு இருக்கிறது" என்றார் அதிகாரி. குரலில் உண்மையாகவே அக்கறை இருந்தது. "மருத்துவர் சான்றிதழோடு விண்ணப்பித்தால் பெரிய தொட்டி தருவோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும். அடையாளத்துக்குத் தொட்டியில் மஞ்சள் லேபிள் ஒட்டுவோம்."

"எதுக்குங்க மூணு மாசத்துக்கு ஒரு தடவை? அவருக்குக் கால் முளைச்சிருக்கான்னு பார்க்கவா?"

இப்போது வந்த சிரிப்பு வேறு மாதிரி இருந்தது.

"மஞ்சள் லேபிள் எதுக்கு? இந்த வீட்ல ஒருத்தர் படுக்கையிலேயே போறார்னு ரோட்ல போறவங்க வாசிச்சுட்டுப் போகவா? சிவப்பை ஒட்டி முடிச்சு இப்ப மஞ்சளா? எங்க வீட்டுக்காரர் முப்பது டன் பெட்டியைக் கப்பல்ல இருந்து இறக்கினவர். இந்த ஊர்ல நீங்க சாப்பிட்டதுல, போட்டதுல பாதி அவர் கையால வந்துது. அவரோட குப்பையைச் சத்தமில்லாம எடுத்துட்டுப் போக உங்களால முடியாதா? ஆறு வருஷம் ஒருத்தர் கூடையில எடுத்துட்டுப் போனார். எந்த லேபிளும் ஒட்டல."

நேரம் மிச்சம் இருக்கும்போதே அவள் இறங்கிவிட்டாள். கூட்டத்தின் நடுவே, கோட்டு போட்ட ஓர் ஆள் எழுந்து நின்றார். "எங்கம்மா. நாலு வருஷமா" என்றார். அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டார். வலது ஓரத்தில் ஒரு பெண், "எம்பொண்ணு. பதினேழு வயசு" என்றாள். மூன்றாவதாக ஒருவர் மறுபடி நாய்களைப் பற்றி ஆரம்பித்தார். மணி அடித்தார்கள்.

கடைசியில் அதிகாரி, "அனைத்துக் கருத்துகளும் பரிசீலிக்கப்படும்" என்றார்.

திரும்பிப் படியேறும்போது மாமா முப்பதாவது படியில் நின்றார். வழக்கம்போல மூச்சு வாங்க என்று நினைத்தாள். அவர் யோசித்துக்கொண்டிருந்தார்.

"பரிசீலிக்கறோம்னா பெட்டியில போட்டுப் பூட்டறோம்னு அர்த்தம். முப்பத்து மூணு வருஷம் ஆபீஸ்ல இருந்தவன் சொல்றேன். ஆனா விதியில ஒரு வரி இருக்கும்மா. மூடி மூடாத தொட்டியை எடுக்கக் கூடாது."

"அதான் தெரியுமே மாமா."

"சரி. அப்ப யாரும் மூட வேண்டாம்."

சனி, ஞாயிறு இரண்டு நாளும் மாமாவும் நாத்தனாரும் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். மாமா விதியைச் சொன்னார். நாத்தனார் கதையைச் சொன்னாள். சத்தமாகச் சொன்னாள், சொல்லச் சொன்னது அண்ணனே. எல்லோரும் உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. "எங்க தொட்டி பாதிதான் நிறையுது, எங்களுக்கென்ன?" என்றது ஒரு வீடு. "பாதிதானே நிறையுது? அப்ப மூடியைத் திறந்து விடறதுல உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்றாள் நாத்தனார். இன்னொரு வீட்டில் கதவே திறக்கவில்லை. பிறகு அந்த வீட்டுக்காரி தானே இறங்கி வந்து, தன் வீட்டிலும் பார்சல் உண்டு, மாமனாருக்கு, இரண்டு மாதமாகப் பக்கத்துத் தெருத் தொட்டிகளில் திருட்டுத்தனமாகப் போட்டு வருவதாகச் சொல்லி அழுதாள்.

தையற்காரி மெஷினுக்கு அடியில் இருந்த வெட்டுத்துணிச் சாக்கை அவிழ்த்தாள். சீருடை நீலம், மேலங்கிக் காவி. ஒரு முழம் நீளத்துக்கு வெட்டி, இரண்டாக மடித்து, ஓரம் அடித்தாள். நாற்பத்தொரு நாடா. மூடியைப் பின்னால் சாய்த்துக் கைப்பிடியோடு கட்ட வேண்டும், காற்றில் தானாக மூடிவிடக் கூடாது. கிரேன்காரர் ஒவ்வொரு நாடாவையும் இரண்டு கையால் இழுத்துப் பார்த்து, "இது தாங்கும்", "இதை இன்னொரு தையல் போடு" என்று பிரித்து வைத்தார்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்குத் துறைமுகச் சாலையில் நாற்பத்தொரு தொட்டி வாயைத் திறந்துகொண்டு வரிசையாக நின்றது. லாரி வந்தது. கூடைக்காரர் இறங்கி, முதல் தொட்டியிலிருந்து கடைசி தொட்டி வரை நடந்து பார்த்தார். திரும்பி முதல் தொட்டிக்கு வந்தார். முகத்தில் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார்.

"அக்கா, என்கிட்ட இருக்கிறதே இருபது ஸ்டிக்கர்தான்."

"இருக்கிறதை ஒட்டுங்க தம்பி. மிச்சத்துக்கு அடுத்த வாரம் வாங்க."

அவர் இருபதை ஒட்டினார். லாரி காலியாகப் போனது. கடல்காற்று எழுந்தது. மத்தியானத்துக்குள் கடல்பறவைகள் இறங்கின. சாலையில் டீக்கடைக்காரர் வந்து கத்தினார், கைகூப்பினார், மறுபடி கத்தினார். "எங்ககிட்ட வராதீங்க, மண்டபத்துக்குப் போங்க" என்று நாத்தனார் அவருக்கு அதிகாரியின் தொலைபேசி எண்ணைச் சட்டைப் பையிலேயே செருகிவிட்டாள். வியாழக்கிழமை மழை பெய்து தொட்டிகளில் தண்ணீர் நின்றது. இரண்டு வீட்டுக்காரர்கள் மனசு தளர்ந்து நாடாவை அவிழ்த்தார்கள். பேச்சு வார்த்தை நடந்து மறுபடி கட்டினார்கள். வெள்ளிக்கிழமை, அடுத்த இரண்டு படிச்சந்துகளும் மூடியைத் திறந்துவிட்டன என்று செய்தி வந்தது. அவர்கள் நாடா கேட்டு ஆள் அனுப்பினார்கள். தையற்காரி வந்த சீருடை வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு நாடா அடித்தாள்.

சனிக்கிழமை மேற்பார்வையாளர் காரில் வந்து இறங்கினார், மூக்கில் கைக்குட்டையோடு.

"யாரு இங்க தலைவர்? யாரு இதையெல்லாம் தூண்டிவிடறது?"

மேலே ஜன்னலிலிருந்து, கப்பல் தளத்துக்கே கேட்கிற குரல் ஒன்று வந்தது.

"நான்தான்! மேல வாங்க, பேசலாம்!"

மேற்பார்வையாளர் படிகளை அண்ணாந்து பார்த்தார். ஏறவில்லை. திங்கட்கிழமை விடியலில் இரண்டு லாரி வந்து எல்லாத் தொட்டிகளையும் அள்ளிக்கொண்டு போயின. ஒரு மூடியையும் யாரும் கவனிக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து மறுபடி வழவழப்புக் காகிதம் வந்தது, இந்த முறை சிரிக்கிற குடும்பம் இல்லாமல். படிச்சந்துகளில் வாரம் இரண்டு நாள் ஆள் மேலே ஏறி வந்து எடுப்பார். கேட்கிற வீட்டுக்கு இன்னொரு தொட்டி உண்டு. மருத்துவர் சான்றிதழ் தேவையில்லை, லேபிள் கிடையாது. தினமும் வந்து எடுக்கிற பழைய வழக்கம் திரும்பவில்லை. சில்லும் ஸ்டிக்கரும் மற்ற தெருக்களில் அப்படியே இருந்தன. "பாதிதான் குடுத்திருக்கான்" என்று மீட்டர் மாமா குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, அடுத்த கூட்டத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தார்.

இரண்டாவது தொட்டியைக் கூடைக்காரரே முதுகில் சுமந்துகொண்டு வந்தார். வாசலில் இறக்கிவிட்டு, சட்டைக்குள்ளிருந்து ஒரு படிவத்தை எடுத்தார்.

"ஒரு கையெழுத்துப் போடணுமாம். குடும்பத் தலைவர்."

"சான்றிதழ் ஒண்ணும் வேண்டாம்னு சொன்னாங்களே?" என்றாள் தையற்காரி.

"வேண்டாம் அக்கா. ஆனா காரணம்னு ஒரு கட்டம் வச்சிருக்காங்க. 'கூடுதல் தொட்டி கேட்பதற்கான காரணம்.' அதைச் சும்மா விட்டா கம்ப்யூட்டர் ஏத்துக்காதாம்."

அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. வாங்கிக் கிழித்துவிடலாமா என்று கையை நீட்டினாள். "இங்க குடு" என்றார் கிரேன்காரர். மீட்டர் மாமாவிடம் இரவல் வாங்கி வைத்திருந்த பென்சிலை எடுத்து, படிவத்தைச் சொம்பு வைக்கிற ஸ்டூலில் வைத்து, கட்டம் கொள்ளாத அளவுக்குப் பெரிய எழுத்தில் எழுதினார். கையெழுத்துப் போட்டார். கூடைக்காரர் வாங்கி, எழுத்துக் கூட்டி வாசித்தார்.

'உயிரோடு இருக்கிறேன்.'

அவர் இன்னொரு முறை வாசித்தார். தலையைச் சொறிந்தார்.

"இதை ஆபீஸ்ல ஏத்துக்குவாங்களான்னு தெரியலையே, அண்ணே."

"ஏத்துக்கலன்னா என்னை வந்து பார்க்கச் சொல்லு, தம்பி" என்றார் கிரேன்காரர். "நான் எங்கயும் போகப் போறதில்ல."